படம் ஓடினால்தான் சோறு

சும்மா சொல்லக்கூடாது, பழைய கலர் டீவியைக் கண்டாலே எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது. முப்பது வருடமாக அவற்றின் முதுகைக் கழற்றிக் கழற்றியே என் முதுகு போய்விட்டது. பின்மூடியைத் திறந்தால் பல்லி முட்டை, கரப்பான் எச்சம், எந்தக் காலத்திலோ செத்துக் காய்ந்த ஒரு சுண்டெலி. வாவிக்கரை வீடுகளிலிருந்து வந்ததென்றால் இன்னும் கேவலம். உப்புக் காற்றில் செம்புக் கோடுகள் எல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கும். அந்தப் பெட்டிகளின் பாரமோ சொல்லி மாளாது. ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தால் இரண்டு நாளைக்கு இடுப்பு நிமிராது.

என் கடை களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, தலைக்கு மேலே பலகைப் பரண், அதில் செத்த பெட்டிகள். இப்போது வருவதெல்லாம் ரைஸ் குக்கர், டோர்ச் லைட், டிஷ் பெட்டியின் ரிமோட். அதுவே போதும் என்றுதான் இருந்தேன். யாராவது போன் எடுத்து வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னால், "ஓம் ஓம், வாறன்" என்று சொல்லி வைத்துவிடுவேன். பாதி இடங்களுக்குப் போவதில்லை. போகக்கூடாது என்று ஒன்றுமில்லை, அலுப்பு. சைக்கிளில் ஊரெல்லாம் சுற்றிய காலம் முடிந்து, மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணுவதே பெரிய வேலையாகிவிட்ட வயது இது.

அது வைகாசி கழிந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை. கச்சான் காற்று சந்தைக் குப்பையை எல்லாம் வாரி என் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஓட்டோ வந்து நின்றது. பின் இருக்கையில் பழைய சேலையால் சுற்றிய ஒரு பெட்டி ராசா மாதிரி இருந்தது. அதைக் கொண்டுவந்த அம்மா, இருக்க இடமில்லாமல் கீழே குந்தியிருந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பழுகாமத்துக்கு அப்பால், வாவியின் அக்கரையான படுவான்கரையில் உள்ளுக்குள்ளே ஒரு ஊர். அங்கிருந்து பாலம் கடந்து அப்படியே குந்திக்கொண்டு வந்திருக்கிறார்.

சேலையை அவிழ்த்துப் பார்த்தேன். மரக்கலர்ப் பக்கங்கள், முன்னால் எட்டு அமுக்கு பட்டன். வளைகுடாவுக்குப் போன முதல் ஆட்கள் தோளில் சுமந்து வந்த சாதிப் பெட்டி. அட கடவுளே, இது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று நினைத்தேன்.

"மனே, இத ஒருக்காப் பாருங்க," என்றார். ஐம்பத்தெட்டு வயதுக்காரனை மகனே என்று கூப்பிட இந்தப் பக்கத்தில்தான் ஆட்கள் இருக்கிறார்கள்.

"அம்மா, இதெல்லாம் இனிச் செய்ய ஏலா. சாமான் எடுக்கவும் ஏலா. சும்மா அரியண்டப்படாம ஒரு தட்ட டீவிய வாங்கிப் போடுங்க."

"தட்ட டீவி வீட்ட இரிக்கு மனே. மகள் கட்டார்ல இருந்து அனுப்பி வாங்கினது. சுவர்ல தொங்குது. அவரு அதப் பாக்கிறாரில்ல."

"பாக்காட்டி என்ன? விடுங்களன்."

"பாக்காட்டித் திங்கிறாரில்ல மனே."

அவர் என்பது அவருடைய கணவர். வயல்காரர். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், ஆளை மட்டுக்கட்டி அடையாளம் காணும் நினைவும் போய்விட்டது. சோற்றைக் குழைத்து வாயில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாராம். ஒருநாள் தற்செயலாக இந்தப் பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுப் படம் ஓடவிட்டபோது, மனிதர் தானாக வாயைத் திறந்திருக்கிறார். அன்று தொடங்கி மூன்று வேளையும் படம் ஓடினால்தான் சோறு. என்ன படம் என்று கணக்கில்லை. நாடகம், சமையல், சோப்பு விளம்பரம், எதுவானாலும் சரி. இடது கையைப் பெட்டியின் தலையில் வைத்துக்கொள்வார், வாயைத் திறப்பார். சுவரில் தொங்கும் புதியதைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

"கையால சாத்து சாத்து எண்டு காட்டுறாரு. சன்னல் திறந்து கிடக்கு எண்டு நினைக்கிறாரோ என்னவோ," என்றார் அந்த அம்மா.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பெட்டி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கணவரின் வாய்க்குள் போனது அரைக் கோப்பை பிளேன்டீயும் இரண்டு கரண்டிக் கஞ்சியும். காலையில் கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சாப்பிடத் தொடங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கால் குழாய் போடத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"பாரிசம் வந்த நேரம் ஒருக்காப் போட்டதுதான் மனே. புடுங்கிப் போடுவாரு எண்டு நல்ல கையையும் கட்டில்ல கட்டி வெச்சிருந்தாங்க. அழுதுக்கிட்டே கிடந்தாரு. மறுகா அதப் பாக்க எனக்கு ஏலா."

ஏலாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

"சரி, பெட்டிக்கு என்ன நடந்த? மின்னல் கின்னல் அடிச்சதா?"

"இல்ல மனே. ஓடிக்கிட்டு இருந்த. டப் எண்டு ஒரு சத்தம். நிண்டிட்டு."

"தண்ணி கிண்ணி பட்டதா?"

அவர் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் சரிசெய்தார். "மழ பெஞ்சு எவ்வளவு காலம் மனே," என்றார். பிறகு ஓட்டோக்காரர் ஹோன் அடிக்க, எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கே முதுகைக் கழற்றினேன். இந்தப் பெட்டிகளில் ஒரு பழக்கம் உண்டு. கரண்டைக் கழற்றிய பிறகும் பிக்சர் டியூப் தன் விஷத்தை வைத்துக்கொண்டிருக்கும். ஒரு ஸ்குரூ டிரைவரில் வயரைக் கட்டி அதன் வாயைத் தொட்டு, படீர் என்று ஒரு சத்தம் வந்த பிறகுதான் கையை வைக்கலாம். உள்ளே விரல் தடிப்பில் தூசி. ஊதினேன், பிரஷ் போட்டேன், தும்மினேன். பியூஸ் கறுத்துப் போயிருந்தது. படத்தைக் குறுக்கே இழுக்கிற பெரிய டிரான்சிஸ்டர் செத்திருந்தது. அந்த டப் சத்தம் இதுதான் என்று நினைத்து மனம் கொஞ்சம் இளகியது. இந்த டிரான்சிஸ்டர் என்னிடம் இன்னும் இரண்டு கிடந்தது. ஒன்றை எடுத்துப் போட்டேன்.

எந்தப் பெட்டிக்கும் நான் முதலில் நேராகக் கரண்ட் கொடுப்பதில்லை. நூறு வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டுத்தான் கொடுப்பேன். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி தப்பிவிடும். பல்ப் ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கியது. நல்ல சகுனம். பல்பை எடுத்துவிட்டு நேரே கொடுத்தேன். பெட்டி உறுமியது, திரையில் வெளிச்சம் வந்தது. பவர் வோல்டேஜை அளந்தேன், சற்று உயர்வாகக் காட்டியது. மீட்டரில் பற்றரி இறங்கினால் அப்படித்தான் கூட்டிக் காட்டும் என்று விட்டுவிட்டேன். பத்து நிமிடம் ஓடியது. தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன். டப். திரை இருண்டது, கடைக்குள் கருகல் மணம்.

வியாழக்கிழமை காலை அந்த அம்மா போன் எடுத்தார். எப்போது முடியும் என்று கேட்கவில்லை. "ராவைக்கு ரெண்டு கரண்டி போனது மனே. காலைல துப்பிப் போட்டாரு," என்றார். அவ்வளவுதான். "பாத்துக்கிட்டு இரிக்கன் அம்மா," என்று சொல்லி வைத்தேன். இந்த முறையாவது அது பொய்யில்லை.

பகல் முழுவதும் ஈயம் விட்ட இடங்களைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகத் தேடினேன். வெடித்த ஈயம் எல்லாவற்றையும் திரும்பச் சூடாக்கி ஒட்டினேன். என் கண்ணுக்கு இப்போது ஒரு ஈயப் பொட்டு இரண்டாகத் தெரிகிறது, எதைச் சூடாக்குகிறேன் என்று எனக்கே சந்தேகம். உயர் மின்சாரம் உண்டாக்குகிற பிளைபேக் என்ற பகுதியின் அடியில் சர்க்கியூட் பலகை மஞ்சளாகக் கறை பிடித்திருந்தது. கம்பனிக்காரன் சாமான்களை அசையாமல் ஒட்டுகிற பசை, வருடங்கள் போனால் அப்படித்தான் மஞ்சளாகும். ஆயிரம் பெட்டியில் பார்த்ததுதானே என்று நினைத்து அதைத் தாண்டிப் போனேன். இந்தத் தொழிலில் எதையும் தெரியாதவன் தேடுவான், எனக்கு எல்லாம் தெரியுமே!

பின்னேரம் இரண்டாவது டிரான்சிஸ்டரையும் போட்டேன். பல்ப் நன்றாகவே மங்கியது. கால் மணித்தியாலம் ஓடியது. பிறகு டப். நான் அந்த ஸ்குரூ டிரைவரைச் சுவரில் எறிந்தேன். சந்தையில் மீன் விற்கிற பெண்மணி எட்டிப் பார்த்து, "என்ன அண்ணன், ஆரோடயும் சண்டையா?" என்று கேட்டார். "ஓம், பிசாசோட," என்றேன்.

வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துவிட்டாள்.

"இன்னும் அந்தப் பெட்டியா?"

"ம்."

"எனக்குக் காய்ச்சல் வந்தா இப்பிடி ரெண்டு நாளு மினக்கெடுவீங்களா?"

"உனக்கு முதுக கழட்ட ஏலாதே."

அவள் சிரிக்கவில்லை. "அந்த மனிசன் திங்காமத்தான் இரிக்காரா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். சோற்றைப் போட்டாள். நான் பாதியில் கையைக் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தபோது அந்த அம்மாவின் குரல் தேய்ந்து போயிருந்தது. "இண்டைக்குத் தேத்தண்ணியும் இறங்கல்ல மனே. வாயத் துணியால நனைச்சு விடுறன்," என்றார். நான் கடையைத் திறந்து, வேறு ஒருவரையும் உள்ளே விடாமல், பரணில் ஏறினேன். அதே சாதிச் செத்த பெட்டி ஒன்று அங்கே கிடப்பது தெரியும். பிளைபேக்கையே மாற்றிப் பார்ப்பது என்று முடிவு. அந்தப் பெட்டியைக் கீழே இறக்கியபோது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. அப்படியே அரைமணித்தியாலம் நிலத்தில் கிடந்தேன். அந்த நேரம் யாராவது வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனால் கும்பிட்டு அனுப்பியிருப்பேன்.

எழுந்து, அந்த அம்மாவின் பெட்டியிலிருந்த பிளைபேக்கை ஈயம் உருக்கிக் கழற்றினேன். பத்துக் கால் அதற்கு. ஒன்று விட்டால் மற்றது பிடிக்கும். கடைசியில் பல் பிடுங்குவது போல ஆட்டி ஆட்டி இழுக்க, வந்தது. அதன் அடியில் பலகையோடு ஒட்டிக்கொண்டு ஒரு இலை.

வேப்பிலை. சின்னதாக, ஓரம் பல்லுப் பல்லாக, பாதி கருகி. நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். அதைச் சுற்றி இருந்த மஞ்சள், பசை இல்லை. மஞ்சள்தான், கறிக்கு அரைக்கிற மஞ்சள். மூக்கருகே கொண்டுபோக மணமே வந்தது. மஞ்சள் தண்ணீர் ஓடிய பாதையெல்லாம் பலகையில் கறுப்பாகக் கரிந்து கிடந்தது. அந்தக் கரி வழியாகத்தான், பெட்டி சூடேறும் போதெல்லாம், உயர் மின்சாரம் பாய்ந்து என் டிரான்சிஸ்டர்களைத் தின்றிருக்கிறது.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. போனை எடுத்தேன்.

"அம்மா, இதுக்குள்ள ஆரு தண்ணி ஊத்தின?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கத்தினேன்.

"பெட்டிக்குள்ள வேப்பிலை கிடக்கு! வேப்பிலை! நான் மூணு நாளா விசரன் மாதிரி இதுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இரிக்கன். இது என்ன பெட்டியா, கோயில் குடமா?"

"ஊத்தல்ல மனே," என்றார் மெதுவாக. "தெளிச்சன்."

"ஊத்தினா என்ன, தெளிச்சா என்ன? கரண்டுச் சாமானுக்குத் தண்ணி தெளிப்பாங்களா ஆரும்?"

"சூடாகிக்கிட்டே இரிந்திச்சு மனே. மேல கை வெக்க ஏலா. அவரு அதுல கைய வெச்சுக்கிட்டுத்தானே இருப்பாரு. சுட்டாலும் எடுக்கத் தெரியாது அவருக்கு. செவ்வாய்க்கிழம விடியக்குள்ள கோயில்ல குளுத்தி முடிஞ்சு எல்லாருக்கும் அம்மன்ட தண்ணி குடுத்தாங்க. வீட்டுக்குத் தெளிச்சன். மாடு கண்டுக்குத் தெளிச்சன். அவருக்கும் தெளிச்சன். இதுவும் கொதிச்சுக்கிட்டுக் கிடக்கே எண்டு இதுக்கும் தெளிச்சன்."

கண்ணகை அம்மனின் சடங்கு முடிவில் குளிர்த்தி பாடி, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தெளிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சூடு தணியத்தான் குளிர்த்தி. எங்கள் வீட்டிலும் அந்தத் தண்ணீர் ஒரு போத்தலில் இருக்கிறது. மனைவி என் மோட்டார் சைக்கிளுக்கும் அதைத்தான் தெளித்தாள். அந்த அம்மா செய்ததை நான் விளங்காதவன் இல்லை. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"அண்டைக்கு நான் கேட்டன்தானே, தண்ணி பட்டதா எண்டு. ஏன் மறைச்சீங்க?"

"அம்மன்ட தண்ணியால பழுதாகிட்டு எண்டு எந்த வாயால மனே சொல்ற?"

"சரி, சொல்லாட்டி விடுங்க. பெட்டி சூடாகுது எண்டா முதல்ல எனக்கல்லவா சொல்லியிருக்கணும்?"

"சொன்னன்தானே மனே," என்றார். குரலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை, நான் மறந்துவிட்டதை எடுத்துத் தருகிற மாதிரிச் சொன்னார். "சித்திரை வருசம் முடிஞ்ச கையோட போன் எடுத்தன். பழைய பெட்டி அப்பிடித்தான் சுடும், வாறன் எண்டீங்க. பொறகும் எடுத்தன். நாளைக்கு வாறன் எண்டீங்க. பாத்துக்கிட்டுத்தான் இருந்தன். அதுக்குள்ள சடங்கு வந்திட்டு."

வைத்துவிட்டேன். போனில் பழைய அழைப்புகளைத் தள்ளிக்கொண்டு போனேன். சித்திரையில் அந்த நம்பர் இரண்டு முறை இருந்தது. இரண்டும் அரை நிமிடத்துக்குள் முடிந்திருந்தது. அந்த வாரங்களில் நான் என்ன பெரிய வேலை செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடைக்குள் மின்விசிறிக்குக் கீழே இருந்திருப்பேன்.

வெட்கமாக இருந்தது. இந்த வயதில் வெட்கப்படுவதும் ஒரு களைப்புத்தான்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. கரிந்த இடத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மின்விசிறிக்கு முன் காயவைத்தேன். பரணில் இருந்த பெட்டியின் பிளைபேக்கையும் டிரான்சிஸ்டரையும் எடுத்து இதில் போட்டேன். மீட்டருக்குப் புதுப் பற்றரி போட்டுத் திரும்ப அளந்தேன். வோல்டேஜ் இப்போதும் உயர்வாகத்தான் நின்றது. மீட்டர் பாவம், முதல் நாளே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. தேடிப் பார்த்தால், பவர் சப்ளையில் பெருவிரல் நகமளவு ஒரு கண்டென்சர் காய்ந்து, தலை வீங்கி நிற்கிறது. அதனால்தான் வோல்டேஜ் ஏறியிருக்கிறது, அதனால்தான் பெட்டி சித்திரையிலிருந்து சுட்டிருக்கிறது. அந்தக் கண்டென்சர் என் மேசை லாச்சியில் பிடியளவு கிடந்தது. பாலம் கடந்து ஒருநாள் போயிருந்தால் அரைமணித்தியால வேலை. அதை மாற்றும்போது ஈயம் இரண்டு முறை தவறிக் கீழே விழுந்தது.

அன்று பின்னேரம் நான்கு மணித்தியாலம் விடாமல் ஓடவிட்டேன். மேலே கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை நானே கொண்டுபோனேன். ஓட்டோவின் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் அந்த அம்மாவைப் போலவே கீழே குந்தினேன். பட்டிருப்புப் பாலத்தில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. வழியெல்லாம் வட்டை வயல்களில் இளம் பயிர் நின்றது, தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் இடுப்பைப் பற்றி நான் என்ன சொல்ல.

வீடு சின்னது. சுவரில் தட்டை டீவியைப் படுக்கைவிரிப்பால் மூடியிருந்தார்கள். ஐயா பிளாஸ்டிக் கதிரையில், மார்புக்குக் குறுக்கே துவாயால் கட்டி இருத்தப்பட்டிருந்தார். ஒரு காலத்தில் மூட்டை தூக்கிய உடம்பு என்று தோள் எலும்பைப் பார்த்தால் தெரியும். அதற்கு மேல் இப்போது ஒன்றும் இல்லை. உதடு வெடித்திருந்தது. நான் உள்ளே வந்ததையோ, பெட்டியை ஓட்டோக்காரரும் நானும் மூச்சு வாங்க மேசையில் வைத்ததையோ அவர் கண்டுகொள்ளவில்லை.

டிஷ் பெட்டியின் வயர்களைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். முதலில் சத்தம் வந்தது. பிறகு நடுவிலிருந்து மெல்ல வெளிச்சம் விரிந்தது. ஒரு பெண் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நீலம் குறைந்து, அவள் முகம் மஞ்சள்காமாலைக்காரி மாதிரி இருந்தது. டியூப் கிழடு, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த அம்மா கோப்பையில் குழைத்த சோற்றுடன் வந்து அவர் பக்கத்தில் நின்றார். கதிரையை இழுத்துப் பெட்டிக்குக் கிட்ட வைத்தார். ஐயாவின் இடது கை எழும்பியது. தடவித் தடவிப் பெட்டியின் தலையைப் பிடித்தது. கண் திரையில் நின்றது. வாய் திறக்கவில்லை.

கரண்டி உதட்டருகே காத்துக்கொண்டிருந்தது. வெங்காயம் தாளித்தாயிற்று, விளம்பரம் வந்தது, போனது. நான் மனதுக்குள் அந்தக் கண்ணகையைத்தான் கூப்பிட்டேன், வேறு யாரையும் எனக்கு அப்போது தெரியவில்லை. அந்த அம்மா கரண்டியை இறக்கவே இல்லை. முழங்கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றார்.

பிறகு ஐயா வாயைத் திறந்தார்.

ஒரு கரண்டி. விழுங்க நேரமெடுத்தது. இன்னொன்று. நான் எண்ணவில்லை என்று சொன்னால் பொய். பதினொரு கரண்டி. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த அம்மா அவர் வாயைத் துடைத்துவிட்டு, கோப்பையோடு குசினிக்குள் போனார்.

நான் கொஞ்ச நேரம் அந்தச் சமையல்காரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. போனில் கத்தியது நான், வராமல் இருந்தது நான், அம்மனிலும் பிழையில்லை, உங்களிலும் பிழையில்லை என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்திருந்தேன். குசினி வாசலுக்குப் போனேன்.

அவர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை. வெறும் சோற்றில் ஆணத்தை ஊற்றி, பெரிய பெரிய கவளமாக, மென்றும் மெல்லாமலும். வயதான ஒரு பெண் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"அம்மா, எப்ப சாப்பிட்டீங்க?" என்றேன். சொல்ல வந்தது அதுவல்ல.

திடுக்கிட்டுத் திரும்பினார். வெட்கப்பட்டு வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டார். "அவரு திங்காம நான் எப்பிடி மனே தின்னுற?" என்றார்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நான் ஒரு ஆளைத்தான் கணக்கில் வைத்திருந்தேன்.

"அம்மா," என்றேன். "நான் அண்டைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு..."

முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை, ஆ என்ற மாதிரி ஒரு முனகல்.

"பொறுங்க மனே, மறுகா வாயத் திறக்கிறாரு போல," என்று சொல்லி, தட்டை அம்மியின் மேல் வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் சேலையில் துடைத்துக்கொண்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தட்டில் பாதிச் சோறு இருந்தது. ஈ வந்து இருக்கப் பார்த்தது. நான் ஒரு மூடியைத் தேடி எடுத்து அதை மூடினேன். அங்கே அவர் ஊட்டிக்கொண்டிருக்கும்போது குறுக்கே நின்று பேச எனக்கு மனம் வரவில்லை. பின் வாசலால் இறங்கி ஓட்டோவுக்கு நடந்தேன்.